உன்னத ஆய்விதழின் முதல் நிராகரிப்பு

லோஷினியை அதுவரை யாரும் பேராசிரியர் என்று அழைத்ததில்லை. ஜொகூர் பாருவில் ஒரு தனியார் கல்லூரியில் தொழிலாளர் நலமும் பாதுகாப்பும் கற்பிக்கும் விரிவுரையாளர் அவள். முனைவர் பட்டம் வாங்கி இரண்டு வருடம்கூட ஆகவில்லை. வேலையும் ஒப்பந்த வேலைதான். மாணவர்கள் 'மிஸ்' என்பார்கள். அலுவலகத்தில், "லோஷினி, பிரிண்டர்ல பேப்பர் முடிஞ்சிருச்சுலா" என்பார்கள். ஆகவே, 'மேன்மைமிகு பேராசிரியர் லோஷினி அவர்களுக்கு' என்று தொடங்கும் மின்னஞ்சல் ஒன்று வந்தபோது அவள் அதை இரண்டு முறை படித்தாள். முதல் முறை விஷயத்துக்காக. இரண்டாம் முறை அந்த விளிக்காக.

அனுப்பியிருந்தது ஓர் ஆய்விதழ். அதன் ஆங்கிலப் பெயர் ஒரு வரிக்குள் அடங்காது. தமிழில் சுருக்கிச் சொன்னால் 'அனைத்துலக உன்னத ஆய்விதழ்' என்று வரும். அவளுடைய ஆய்வின் ஆழத்தைக் கண்டு ஆசிரியர் குழு வியந்துபோயிருப்பதாகவும், ஒரு கட்டுரை அனுப்பித் தங்களைப் பெருமைப்படுத்த வேண்டும் என்றும் எழுதியிருந்தார்கள். லோஷினி அதுவரை ஒரு கட்டுரையும் வெளியிட்டதில்லை. ஆழத்தை எங்கே கண்டார்கள் என்ற கேள்வி அவளுக்கு அப்போது எழவில்லை. பாராட்டு வரும்போது யாருக்கும் அது எழுவதில்லை.

அவளுக்கு ஒரு கட்டுரை வெளியாகியே ஆக வேண்டியிருந்தது. ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட வேண்டுமென்றால் ஆண்டு முடிவதற்குள் ஒன்றாவது வர வேண்டும் என்பது கல்லூரியின் விதி. அதுவும் திறந்த அணுக்க இதழாக இருக்க வேண்டும். அதாவது, யார் வேண்டுமானாலும் காசு கொடுக்காமல் இணையத்தில் படிக்கக்கூடியதாக. நல்ல கொள்கைதான். படிப்பவன் கொடுக்காத காசைப் பல இதழ்கள் எழுதுகிறவனிடம் கேட்டன என்பதுதான் சங்கடம். பெயர்பெற்ற இதழ்கள் கேட்ட கட்டணத்துக்கு அவள் ஊரான மாசாயில் ஒரு பழைய கார் வாங்கிவிடலாம். உன்னத ஆய்விதழ் அப்படியெல்லாம் மிரட்டவில்லை. 'சலுகைக் கட்டணம்' என்றது. அதையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றது.

அவளிடம் ஒரு கட்டுரை தயாராக இருந்தது. மாசாயில் பிறந்து வளர்ந்தவள் அவள். பாசிர் கூடாங் தொழிற்சாலைகளில் இரவு ஷிப்ட் முடித்து, விடிந்த பிறகு மோட்டார் சைக்கிளில் தூங்கி வழிந்தபடி வீடு திரும்புகிறவர்களைச் சின்ன வயதிலிருந்தே பார்த்திருக்கிறாள். அவர்களில் சிலர் வீடு வந்து சேராததையும் பார்த்திருக்கிறாள். அந்தத் தொழிலாளர்கள் எவ்வளவு தூங்குகிறார்கள் என்று அடுக்குமாடி வீடுகளில் கதவு கதவாகத் தட்டிக் கேட்டு, முனைவர் பட்டத்துக்காக எழுதிய ஆய்வு அது. அனுப்பினாள். இரண்டே நாளில் ஏற்றுக்கொண்டுவிட்டார்கள்.

அவளுடைய அம்மா பிரேமலா கேசரி கிண்டி, மேல் மாடி வரைக்கும் கொடுத்தனுப்பினார். அந்த மகிழ்ச்சி ஒரு மாலைவரை நீடித்தது. விசாலி போன் செய்தது அந்த மாலையில்தான்.

விசாலி அவளோடு முனைவர் பட்டத்துக்குப் படித்தவள். சிங்கப்பூரில் ஒரு பல்கலைக்கழகத்தில் வேலை. தினமும் ஜொகூரிலிருந்து எல்லைப் பாலம் கடந்து போய்வருகிறவள். பாலத்தில் பேருந்து நகராமல் நிற்கும் நேரங்களில்தான் அவளுக்குத் தோழிகளின் நினைவு வரும்.

"எத்தன நாள்ல ஏத்துக்கிட்டாங்க?" என்று கேட்டாள்.

"ரெண்டு நாள்."

"படிச்சுப் பாத்தவங்க என்ன எழுதினாங்க?"

"வெரி குட், கங்கிராஜுலேஷன்ஸ்னு."

"அலாமாக்! என் கல்யாணத்துக்கு வாழ்த்து எழுதினவங்ககூட இதவிட ரெண்டு வரி கூடத்தான் எழுதினாங்க, லோஷினி."

லோஷினிக்குக் கோபம் வந்தது. சிங்கப்பூரில் வேலை பார்ப்பவர்களுக்கு இங்கே நடப்பதெல்லாம் மட்டமாகத்தான் தெரியும் என்று நினைத்துக்கொண்டாள். விசாலியோ விடாமல் சொல்லிக்கொண்டே போனாள். "நம்பகமான திறந்த இதழுங்களுக்குன்னு ஒரு பொதுத் தொகுப்பு இருக்குல்ல? அதுல தேடு. ஆபீஸ் எங்க இருக்குன்னு மேப்புல பாரு. ஆசிரியர் குழுவுல யாருக்காச்சும் ஒரு மெயில் போட்டு, நீங்க நெசமாவே அங்க இருக்கீங்களான்னு கேளு. அவ்வளவுதான். பஸ் நகருது, வைக்கிறேன்."

கோபம் இருந்தாலும் லோஷினி தேடினாள். பொதுத் தொகுப்பில் அந்த இதழ் இல்லை. ஐரோப்பாவின் ஒரு நகரத்தில் இருப்பதாகச் சொன்ன அலுவலகத்தை வரைபடத்தில் தேடினால், அந்த முகவரியில் கார் கழுவும் கடை ஒன்று நுரையும் தண்ணீருமாக இருந்தது. ஆசிரியர் குழுவின் பெயர்களைத் திறந்து மேலிருந்து கீழாகப் படித்துக்கொண்டே வந்தவள், ஒரு பெயரில் நின்றுவிட்டாள்.

டாக்டர் நாச்சியப்பன், ஜொகூர், மலேசியா.

அவளுடைய துறைத்தலைவர். சுவருக்கு அந்தப் பக்கம் அவர் இருமுவது அவளுக்கு இங்கே கேட்கும். அவருக்கு மின்னஞ்சல் போட வேண்டிய அவசியமே இல்லை.

நாச்சியப்பன் செட்டிநாட்டிலிருந்து மூவாருக்கு வந்து கடை வைத்தவர்களின் பேரன். குடும்பத்தில் மற்றவர்கள் எல்லாரும் வியாபாரம். இவர் ஒருவர்தான் புள்ளியியல் என்று கிளம்பி வந்தவர். முப்பது வருடமாக அதையே கற்பிக்கிறார். தேய்த்த முழுக்கைச் சட்டை, பளபளக்கும் காலணி. கல்லூரியில் எல்லாரும் அவருக்கு வணக்கம் சொல்வார்கள். யாரும் அவரிடம் எதையும் கேட்க மாட்டார்கள். அவருடைய நாற்காலிக்குப் பின்னால் தங்கச் சட்டமிட்ட சான்றிதழ் ஒன்று தொங்கியதை லோஷினி பலமுறை பார்த்திருக்கிறாள். அன்றுதான் அதைப் படித்தாள். 'இணை ஆசிரியர், அனைத்துலக உன்னத ஆய்விதழ்.'

"ரெண்டு வருஷமா இருக்கேன்மா," என்றார் அவர், அவள் பார்வை போன இடத்தைக் கவனித்துவிட்டு. "அவங்களே தேடி வந்து கேட்டாங்க."

"நெறைய கட்டுரை படிக்க அனுப்புவாங்களா, சார்?"

"ஒண்ணுகூட அனுப்பினதில்ல. அவ்வளவு மரியாதை. நம்மளத் தொந்தரவு பண்ணக்கூடாதுன்னு."

லோஷினி தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்துவிட்டாள்.

அவரைச் சேர்க்காமலே முடித்துவிடலாம் என்று முதலில் நினைத்தாள். கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாக இதழுக்கு எழுதினாள். 'மேன்மைமிகு பேராசிரியரே, திரும்பப் பெறுவதற்கும் கட்டணம் உண்டு' என்று பதில் வந்தது. அடுத்த நாள் அவர்கள் அவள் சம்மதம் கேட்காமலே கட்டுரையை வெளியிட்டுவிட்டார்கள். மீன் தீவனம் பற்றிய கட்டுரை ஒன்றுக்கும், இரும்புப் பாலங்கள் பற்றிய கட்டுரை ஒன்றுக்கும் நடுவில் அவளுடைய இரவு ஷிப்ட் தொழிலாளர்கள் உட்கார்ந்திருந்தார்கள். எழுதியவர் பெயர் 'டாக்டர் லோஷன்' என்று இருந்தது.

ஓர் இதழில் வெளியான கட்டுரையை இன்னொரு இதழ் தொடாது. அது அங்கே கிடக்கும்வரை நல்ல இடம் எதற்கும் அதை அனுப்ப முடியாது. உழைப்பெல்லாம் டாக்டர் லோஷனுக்குப் போய்விட்டது. இரண்டு நாள் சரியாகச் சாப்பிடாமல் இருந்துவிட்டு, மூன்றாம் நாள் அவள் நாச்சியப்பன் அறைக்குப் போனாள். போலி என்ற சொல்லை உச்சரிக்கக் கூடாது என்று மட்டும் முடிவு செய்திருந்தாள். அந்தச் சான்றிதழுக்கு அடியில் உட்கார்ந்திருப்பவரிடம் அதை எப்படிச் சொல்வது?

"சார், நீங்க இணை ஆசிரியரா இருக்கிற இதழ்ல என் கட்டுரை வந்திருக்கு."

"அடடே! சந்தோஷம்மா!"

"யாருமே படிச்சுப் பாக்காம போட்டுட்டாங்க, சார். எனக்கு அது சரியாப் படல. நீங்க ஒரு தடவ படிங்க. சரியில்லன்னா எடுக்கச் சொல்லுங்க. நீங்க சொன்னாக் கேப்பாங்கல்ல?"

நாச்சியப்பனின் முகம் மாறியது. "என் டிபார்ட்மெண்ட் கட்டுரை. என்னக் கேக்காமலா போட்டாங்க?" அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "குடு. ஞாயித்துக்கிழம படிக்கிறேன்."

'திருப்தியில்லை, நீக்கவும்' என்று இரண்டு வரி எழுதுவார் என்றுதான் லோஷினி எதிர்பார்த்தாள். அதுதான் அவளுக்கும் வேண்டியிருந்தது. திங்கட்கிழமை அவர் மூன்று பக்கங்களோடு வந்தார். கதவைச் சாத்தச் சொன்னார்.

"நீ எத்தன மணிக்குப் போயி கதவத் தட்டின?"

"காலையில பத்து, பதினோரு மணிக்கு, சார். நைட் ஷிப்ட் ஆளுங்க அப்பத்தானே வீட்டுல இருப்பாங்க?"

"இருப்பாங்க. நல்லாத் தூங்குறவன் கதவத் திறப்பானா?"

அவர் பக்கத்தைப் புரட்டி ஒரு வரியைத் தொட்டுக் காட்டினார்.

"நீ தட்டுன கதவுல பாதி திறக்கலன்னு நீயே எழுதியிருக்க. உள்ள இருந்தவன் குறட்ட விட்டுக்கிட்டு இருந்திருப்பான். தூக்கம் வராம முழிச்சுக்கிட்டுக் கிடந்தவன் மட்டும் எழுந்து வந்து உனக்குப் பதில் சொல்லியிருக்கான். அவங்ககிட்ட மட்டும் கேட்டுட்டு, நைட் ஷிப்ட் ஆளுங்க யாருமே சரியாத் தூங்குறதில்லன்னு முடிவு எழுதியிருக்க." அவர் குரலில் கிண்டல் இல்லை. வருத்தமும் இல்லை. கணக்குப் போடுகிற மனிதர் கணக்கைச் சொல்கிற குரல். "இன்னும் எட்டு இடத்துல குறிச்சிருக்கேன். இதுதான் பெரிசு. மன்னிச்சுக்கம்மா, இத நான் ஏத்துக்க முடியாது. நிராகரிக்கிறேன்."

அவளுக்குக் காது சூடானது. போலி இதழின் போலி ஆசிரியர், அவளுடைய உண்மையான கட்டுரையை நிராகரிக்கிறார். அவளைச் சுட்டது அதுகூட அல்ல. அவர் சொன்னது அத்தனையும் சரி. முனைவர் பட்டக் குழுவில் நான்கு பேர் படித்தார்கள். ஒருவரும் அந்தக் கதவைப் பற்றிக் கேட்கவில்லை. இதழ் தன் கட்டுரையைப் படிக்காமல் வெளியிட்டுவிட்டது என்று இத்தனை நாள் பொருமியவள், யாராவது படித்திருந்தால் வெளியிட்டிருக்க மாட்டார்கள் என்று இப்போதுதான் தெரிந்துகொண்டாள். கழிப்பறைக்குப் போய்க் கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு முகம் கழுவிக்கொண்டு மதிய வகுப்புக்குப் போனாள்.

நாச்சியப்பன் தன் முடிவை இதழுக்கு அனுப்பினார். பதில் வரவில்லை. நினைவூட்டினார். 'மேன்மைமிகு பேராசிரியரே, கட்டுரைகளை மறுக்கும் வசதி எங்கள் அமைப்பில் இல்லை' என்று பதில் வந்தது. அவர் அதைத் தொழில்நுட்பக் கோளாறு என்றே எடுத்துக்கொண்டார். இணை ஆசிரியரின் முடிவுக்கு மதிப்பில்லையா என்று கேட்டு இன்னொரு கடிதம் எழுதி, இந்த முறை ஆசிரியர் குழுவில் இருந்த எல்லாருக்கும் நகல் அனுப்பினார்.

அதன் பிறகுதான் அவருடைய அறையிலிருந்து இருமல்கூடக் கேட்காமல் போனது.

மாலையில் அவர் லோஷினியைக் கூப்பிட்டுக் கணினித் திரையைத் திருப்பிக் காட்டினார். ஒருவர் துருக்கியிலிருந்து எழுதியிருந்தார்: இந்த இதழ் எது, என் பெயர் அதில் எப்படி வந்தது? பிரேசிலிலிருந்து ஒரு பெண்மணி அதையேதான் கேட்டிருந்தார். மூன்றாவது கடிதத்தை எழுதியது ஒருவரின் மகன். அப்பா இறந்து நான்கு வருடம் ஆகிறது, தயவுசெய்து இனி அவருக்கு எழுத வேண்டாம் என்று.

"உனக்கு முன்னாடியே தெரியுமா?" என்று கேட்டார் நாச்சியப்பன்.

"தெரியும், சார்."

"ஏன் சொல்லல?"

"எப்படி சார் சொல்றது?"

அவர் திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். பிறகு, "தீபாவளிக்கு அச்சடிச்ச கார்டுலகூட இணை ஆசிரியர்னு போட்டுட்டேன்மா," என்றார். அவரைப் பார்க்க லோஷினிக்குப் பாவமாக இருந்தது, சிரிப்பும் வந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

குழுவில் இருந்தவர்கள் ஆளாளுக்குக் கேள்வி கேட்கத் தொடங்கியதும் இதழ் பயந்துவிட்டது போலும். அந்த வாரத்துக்குள், கேள்வி கேட்டவர்களின் பெயர்களோடு இன்னும் இரண்டு பெயர்கள் அதன் பக்கத்திலிருந்து காணாமல் போயின. ஒன்று, கட்டுரையோடு சேர்த்து டாக்டர் லோஷன். இன்னொன்று டாக்டர் நாச்சியப்பன். இறந்துபோனவரை மட்டும் வைத்துக்கொண்டார்கள். அவர் யாருக்கும் கடிதம் எழுதப்போவதில்லை.

சான்றிதழ் சுவரிலிருந்து இறங்கியது. ஆண்டறிக்கையில் நாச்சியப்பன், 'இதழின் தரம் குறித்த கருத்து வேறுபாட்டால் ஆசிரியர் குழுவிலிருந்து விலகினேன்' என்று எழுதினார். லோஷினி அதைத் தட்டச்சுப் பிழைக்காகச் சரிபார்த்தாள். பிழை ஒன்றும் இல்லை. யோசித்துப் பார்த்தால் பொய்யும் இல்லை.

ஒப்பந்தக் குழுவின் கூட்டத்தில் அவளுக்குக் காட்ட ஒன்றும் இருக்கவில்லை. அடுத்த துறையின் காளிதாஸ் அந்த ஆண்டில் ஏழு கட்டுரை வெளியிட்டிருந்தார். அதில் நான்கு உன்னத ஆய்விதழில். அவருக்குக் கேடயம் கொடுத்தார்கள். லோஷினியின் முறை வந்ததும் நாச்சியப்பன் எழுந்து, "இவங்க கட்டுரை கடுமையான பரிசீலனைக்கு அப்புறம் நிராகரிக்கப்பட்டிருக்கு. நம்ம கல்லூரியில இந்த வருஷம் வேற யாரு கட்டுரையும் அந்த அளவுக்குப் பரிசீலிக்கப்படல," என்றார். குழுவில் இருந்தவர்களுக்கு அது பாராட்டா, குறையா என்று விளங்கவில்லை. விளங்காததைக் கேட்டுக் காட்டிக்கொள்ளவும் யாருக்கும் மனமில்லை. இன்னும் ஒரு வருடம் கொடுத்தார்கள்.

இந்த முறை லோஷினி கதவுகளைத் தட்டவில்லை. பாசிர் கூடாங்கில் ஒரு தொழிற்சாலையின் வாசலுக்கு எதிரே ஒட்டுக்கடை ஒன்று உண்டு. இரவு ஷிப்ட் முடிந்து வருகிறவர்களில் பெரும்பாலோர் மோட்டாரை அங்கே நிறுத்தி, ரொட்டி சானாயும் தேத்தண்ணியுமாகப் பசியாறிவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார்கள். வாரக்கணக்காக அவள் அங்கே போய் உட்கார்ந்தாள். தூங்குகிறவனும் தூங்காதவனும் அங்கே ஒரே பெஞ்சில் கிடைத்தார்கள். ரூபேந்திரன் என்றொரு இளைஞன், சாஆ என்ற சிற்றூரிலிருந்து வேலைக்கு வந்தவன், தன் கூட்டாளிகளை எல்லாம் இழுத்துவந்து அவளிடம் உட்காரவைத்தான்.

"அக்கா, இதெல்லாம் எழுதி என்னா பண்ணுவீங்க?"

"இதழ்ல போடுவேன். எல்லாரும் படிக்கலாம். நீயும் படிக்கலாம்."

"என்னப் பத்தியா? வந்தா அனுப்புங்க கா, கண்டிப்பா."

முடிவு அவள் முன்பு எழுதியதற்கு நேர்மாறாக வந்தது. முக்கால்வாசிப் பேர் பகலில் நன்றாகவே தூங்கினார்கள். ஆபத்து அந்தத் தூக்கத்தில் இல்லை. ஷிப்ட் மாறுகிற முதல் இரண்டு நாளில்தான் இருந்தது. மோட்டாரில் விழுந்து எழுந்தவர்களில் பெரும்பாலோர் விழுந்தது அந்த நாட்களில். தொழிற்சாலை நினைத்தால் ஷிப்டை மாற்றும் முறையைத் திருத்தலாம்; செலவு அதிகமில்லை. முன்பு எழுதியது உலகத்தில் நிலைத்திருந்தால், எல்லாரும் தொழிலாளர்களைப் பார்த்து 'நல்லாத் தூங்குங்க' என்று சொல்லிவிட்டுப் போயிருப்பார்கள்.

இதழ் தேடும்போது பொதுத் தொகுப்பிலிருந்தே தொடங்கினாள். வடக்கே ஒரு பல்கலைக்கழகத்தில் சில விரிவுரையாளர்கள் சேர்ந்து நடத்தும் சிறிய இதழ் ஒன்று அகப்பட்டது. எழுதுகிறவரிடமும் காசு வாங்குவதில்லை, படிக்கிறவரிடமும் வாங்குவதில்லை. அதன் பக்கத்தைத் திறந்ததும் அவளுக்குச் சந்தேகம் வந்தது. பச்சைப் பின்னணி, கோணலான எழுத்து, யாரோ மாணவர் எப்போதோ செய்து கொடுத்துவிட்டுப் போனது போல. உன்னத ஆய்விதழின் பக்கமோ ஐந்து நட்சத்திர ஹோட்டலின் வரவேற்பறை போல இருக்கும். ஆசிரியர் குழுவில் ஒருவருக்குப் போன் போட்டாள். "ஆமாங்க, நான்தான். கட்டுரைய ஒழுங்கா எழுதி அனுப்புங்க, எங்களுக்கு வேலை நிறைய கெடக்கு," என்று அவர் எரிந்து விழுந்தார். அந்தக் குரலில் 'மேன்மைமிகு' என்ற சொல் எந்தக் காலத்திலும் வராது. லோஷினிக்கு நம்பிக்கை வந்துவிட்டது.

ஏழு மாதம் ஆனது. இரண்டு பேர் படித்துப் பக்கம் பக்கமாகக் குறை சொன்னார்கள். நாச்சியப்பன் சொன்ன குறைகளை அவள் அனுப்பும் முன்பே திருத்தியிருந்தாள். இவற்றையும் திருத்தினாள். ஒப்பந்தம் முடிய மூன்று வாரம் இருக்கையில் கட்டுரை வெளியானது. பெயர் சரியாக இருந்தது. நன்றி தெரிவித்த இடத்தில் நாச்சியப்பன் பெயரைப் போட்டிருந்தாள். அவர் அதை இரண்டு முறை படித்துவிட்டு, எழுத்து ரொம்பச் சின்னதாக இருக்கிறது என்றார்.

அன்று சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போகும் வழியில் காரை ஓரமாக நிறுத்தி, கட்டுரையின் இணைப்பை ரூபேந்திரனுக்கு அனுப்பினாள். 'தம்பி, வந்துருச்சு. இத அழுத்திப் படி. உங்க எல்லாரப் பத்தியும் இருக்கு.'

இரண்டு நீலக் குறிகள் விழுந்தன. பதில் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து ஒரு குரல் பதிவு வந்தது.

"அக்கா, உங்க நம்பர்லேர்ந்து ஏதோ லிங்க் வருது. பச்ச கலரா என்னமோ இருக்கு. போன யாரோ ஹேக் பண்ணிட்டாங்க போல. ஒண்ணையும் அழுத்தாதீங்க. என் கூட்டாளி ஒருத்தன் இப்படித்தான் அழுத்தி, பேங்க்ல இருந்ததெல்லாம் போச்சு."

லோஷினி அவசரமாகத் தட்டினாள். 'நான்தான்பா. நல்ல இதழ். காசே வேண்டாம், எல்லாருக்கும் ஃப்ரீ.'

'ஃப்ரீயா?' என்று பதில் வந்தது. அதற்குப் பிறகு அவள் அனுப்பியது எதுவும் அவனுக்குப் போய்ச் சேரவில்லை. ரூபேந்திரன் அவள் எண்ணைத் தடை செய்துவிட்டிருந்தான்.